பேழையில் தொற்றிய ராட்சதன்

கேள்வி: நோவா காலத்துப் பெருவெள்ளத்தில் ராட்சதர்கள் எல்லாரும் அழிந்திருப்பார்களே? பிறகு எண்ணாகமம் 13:33-இல், மோசே அனுப்பிய வேவுக்காரர்கள் கானானில் அவர்களைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே, எப்படி? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: உங்களுக்கு முன்னாலேயே பழைய யூத ரபிகள் (வேத போதகர்கள்) இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள், அம்மா. அவர்களுக்குக் கைகொடுத்தவன் பாசானின் ராஜா ஓக். 9 முழ நீளம், 4 முழ அகலத்தில் இரும்புக் கட்டில் வைத்திருந்தானே (உபாகமம் 3:11), அவனேதான். ஆதியாகமம் 14:13-இல் ‘தப்பியோடின ஒருவன்’ ஆபிராமிடம் சேதி சொல்ல வருகிறான். போரிலிருந்து தப்பியவன் என்றுதான் நாம் படிப்போம். ரபிகளின் விளக்கங்களைத் தொகுத்த தல்மூதோ, ‘வெள்ளத்திலிருந்து தப்பிய ஓக் இவன்தான்’ என்கிறது. பெண்களை மோகித்து வானத்திலிருந்து இறங்கிவந்த தேவதூதன் ஷம்ஹசாயின் பேரன் என்று பாட்டன் பெயரும் கொடுத்துவிடுகிறது.

தப்பிய விதத்தை இன்னொரு ரபி நூல் சொல்கிறது. பேழைக்கு வெளியே ஒரு படியில் தொற்றிக்கொண்டான். ‘உமக்கும் உம் பிள்ளைகளுக்கும் என்றைக்கும் அடிமை’ என்று நோவாவிடம் சத்தியம் செய்தான். நோவா பேழையில் ஓட்டை போட்டு, தினமும் சாப்பாடு நீட்டினார். அந்த உடம்புக்கு எவ்வளவு நீட்டினாரோ!

ஏனோக்கு என்ற பழைய யூத நூலின் வழி வேறு. எர்மோன் மலையில் இறங்கிய 200 தூதர்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்தார்கள், ஆனால் அவர்களுடைய ஆவிகள் பூமியில் அலைகின்றன என்கிறது. பேய்களுக்கே இங்கே பிறப்புக் கதை கிடைத்துவிடுகிறது. தூதராவது, கல்யாணமாவது என்று ஒதுக்கியவர்களும் உண்டு. ஆதியாகமம் 6-இல் மனிதப் பெண்களை மணந்ததாக வரும் ‘தேவகுமாரர்’ தூதர்கள் அல்ல, ஆதாமின் மகன் சேத்தின் வம்சம்தான் என்றார் பழைய கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின்.

என்னைக் கேட்டால், ராட்சதர்களைப் பார்த்தோம் என்பது வேவுக்காரர்களின் வாய்ச்சொல். போன 12 பேரில் 10 பேர் பயந்துபோய்த் திரும்பியவர்கள். முந்தின வசனமே அவர்கள் பேச்சைத் ‘துர்ச்செய்தி’ என்கிறது. ‘எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம்’ என்று சொன்னவர்களின் அளவுகோலை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: ராட்சத எலும்புக்கூடு படம் வாட்ஸ்அப்பில் வந்ததே, பார்த்தீர்களா? (அதே வாசகி)

பதில்: பார்த்தேன். 2002-இல் போட்டோஷாப் போட்டி ஒன்றுக்காகச் செய்த படம் அது. நியூயார்க் மாநிலத்தில் பழங்கால யானை இனத்தின் எலும்பைத் தோண்டிய இடத்தில், மனித எலும்புக்கூட்டை ஒட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் அதே படம் பீமன் மகன் கடோத்கஜன் என்றும் சுற்றியது.