அப்பாவுக்கு எதை வாங்குவது: கிண்டிலா, டேப்லெட்டா?

கேள்வி: நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. மாட்டுங்காவில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை கொண்ட பழைய வீட்டில் இருவர் மட்டும் இருக்கிறார்கள். அப்பா தமிழ் வார இதழ்களையும் பழைய நாவல்களையும் விடாமல் படிப்பவர். இப்போது அச்செழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை என்கிறார். அம்மா மாலையில் டிவியில் சீரியலும் கச்சேரியும் பார்ப்பார். சத்தம் தாங்காமல் அப்பா புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார். என் கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. கிண்டில் போன்ற படிப்புக் கருவி வாங்கலாமா, டேப்லெட் வாங்கலாமா? அம்மாவுக்கு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தால் பிரச்சினை தீருமா?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் அப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கண்புரை இருந்தால் எழுத்தைப் பெரிதாக்குவது மட்டும் போதாது. எழுத்தின் கருமையும் பின்புலத்தின் வெண்மையும் பிரிந்து தெரியாமல் மங்கும். ஒளிரும் திரை கண்ணைக் கூசச் செய்யும். எந்தக் கருவி வாங்கினாலும் அந்தச் சிரமம் தொடரும். புரை இல்லை, கண்ணாடியின் பவர்தான் மாறியிருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

இனி கருவி. படிப்பதற்கென்றே ஒன்று வாங்குவதானால் கிண்டிலில் உள்ளது போன்ற மின்மைத் திரைதான் (ஈ-இங்க்) சிறந்தது என்று பலரும் சொல்வார்கள். நாவலை மட்டும் படிப்பவருக்கு நானும் அதையே சொல்வேன். அந்தத் திரைக்குள் கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்விசையால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் புரளும்போது மட்டுமே மின்சாரம் செலவாவதால் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வரும். தாளைப் போல அறை வெளிச்சத்திலேயே படிக்கலாம். ஏழு அங்குலக் கருவியின் எடை 210 கிராம் அளவில்தான் இருக்கும். இத்தனை நன்மை இருந்தும், உங்கள் அப்பாவுக்கு முதலில் அதை வாங்க வேண்டாம் என்கிறேன்.

காரணம், அவர் படிக்கும் தமிழ் எந்த வடிவில் கிடைக்கிறது என்பதுதான். தமிழ் மின்னூல் இரண்டு வகை. ஒன்று, யூனிகோட் எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்டது. இதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் அடங்கும். கிண்டில் கடையில் 2016 டிசம்பர் முதல் தமிழ் நூல்கள் இந்த வகையில் விற்பனைக்கு வருகின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை தன்னார்வலர்களின் உழைப்பால் எழுத்தாகவே சேர்த்து வைத்திருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இபப் என்ற, எழுத்தைப் பெரிதாக்கக்கூடிய மின்னூல் கோப்பாகவும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பி.டி.எஃப். கோப்பாகவும் இலவசமாகத் தருகிறார்கள்.

இரண்டாவது வகை, பக்கத்தை ஸ்கேன் செய்த படம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் உள்ள பழைய தமிழ் நூல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. வார இதழ்களின் மின்பதிப்பும் பல நேரங்களில் அச்சுப் பக்கத்தின் நகலே. இதில் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் சுமார் 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டது. ஆறு அங்குலப் படிப்புக் கருவியின் திரை ஏறக்குறைய 9 செ.மீ.க்கு 12 செ.மீ. முழுப் பக்கமும் அதில் அடங்க வேண்டுமென்றால் 11 பாயின்ட் (எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) எழுத்து 6 பாயின்ட்டாகச் சுருங்கிவிடும். அச்சுப் புத்தகத்தையே படிக்க முடியாதவர் இதை எப்படிப் படிப்பார்? ஏழு அங்குலத்திலும் 7 பாயின்ட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வண்ண இதழ் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

இப்போது 11 அங்குல டேப்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 15 செ.மீ.; புத்தகப் பக்கம் அதே அளவில் தெரியும். படுக்கை வாக்கில் திருப்பினால் அகலம் சுமார் 24 செ.மீ. ஆகும். எழுத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேலாக வளர்ந்து 18 பாயின்ட் அளவில் நிற்கும். பக்கத்தின் ஓரத்து வெற்றிடத்தை வெட்டிக் காட்டும் வசதி பி.டி.எஃப். படிக்கும் செயலிகள் சிலவற்றில் உண்டு. அதையும் பயன்படுத்தினால் இன்னும் பெரிதாகும். பாதிப் பக்கம் படித்துவிட்டு விரலால் மேலே தள்ள வேண்டும், அதுதான் கூடுதல் வேலை. வார இதழின் பெரிய பக்கமும் இந்த நிலையில் அச்சில் உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். எட்டு அங்குல டேப்லெட் விலை குறைவு என்று கடையில் காட்டினால் மயங்காதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. 11 அங்குல டேப்லெட் அரைக்கிலோ அளவுக்குக் கனக்கும். 74 வயதுக் கை அரை மணி நேரம் அதைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. பாராயணத்துக்குப் புத்தகம் வைக்கும் மரப்பீடம் வீட்டில் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் மடக்கு ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள். பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. படிக்கும் கண்ணாடி பொதுவாகப் புத்தகத்தைக் கையில் பிடிக்கும் தூரத்துக்கு, அதாவது 35 முதல் 40 செ.மீ.க்கு, எழுதிக் கொடுக்கப்படுகிறது. மேஜை மேல் ஸ்டாண்டில் நிற்கும் திரை 50 முதல் 60 செ.மீ. தள்ளி இருக்கும். பைஃபோகல், அதாவது மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்கும் பவர் உள்ள கண்ணாடி, போட்டவர் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்து, இரண்டே நாளில் கழுத்து வலி என்று கருவியை ஒதுக்கிவிடுவார். அதனால் மருத்துவரிடம் போகும்போது, திரை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதை டேப்பால் அளந்து சொல்லிவிடுங்கள். அந்தத் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

வாங்கியதும் அப்படியே அப்பா கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். முகப்பில் அவர் படிக்கும் செயலிகள் மூன்றோ நான்கோ மட்டும் இருக்கட்டும். மற்றவற்றின் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். திரை அணையும் நேரத்தைப் பத்து நிமிடமாக மாற்றுங்கள். ஒரு பத்தியை நிதானமாகப் படிப்பவருக்கு முப்பது விநாடியில் திரை இருண்டுபோனால் அதைவிட எரிச்சல் கிடையாது. பளபளப்பைக் குறைக்கும் மேட் திரையொட்டி ஒட்டுங்கள், பால்கனி வெளிச்சத்திலும் உட்கார்ந்து படிக்கலாம். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது. கண் உலர்ந்து எரிவது அதனால்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளியுள்ள எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள்.

சிம் போடும் வசதியில்லாத, வைஃபை மட்டும் உள்ள மாடலையே வாங்குங்கள். வங்கிச் செயலி, யூ.பி.ஐ. எதையும் அதில் ஏற்ற வேண்டாம். முதியவர்களைக் குறிவைத்து நடக்கும் இணைய மோசடியை நினைத்தால் மனம் பதைக்கிறது. படிக்கும் கருவி படிப்பதற்கு மட்டும் இருக்கட்டும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபோன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

கண் களைத்த நேரத்துக்குக் காது இருக்கிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் கூகுளின் தமிழ்க் குரலை இறக்கி வைத்தால், யூனிகோட் எழுத்தில் உள்ள பக்கத்தை அது வாசித்துக் காட்டும். குரலில் உணர்ச்சி இராது, ஆனால் கட்டுரைக்குப் போதும். ஸ்கேன் பக்கத்தில் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். ஹெட்ஃபோனை முதல் மருந்தாக நான் சொல்ல மாட்டேன். சீரியலுக்கு நடுவே அடுக்களைக்கு எழுந்து போகிறவருக்குக் குக்கர் விசிலும் வாசல் மணியும் கேட்க வேண்டும். சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை டிவியோடு இணைத்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் வையுங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். நான்கு சுவருக்குள் அந்த அளவுக்கு இராது என்றாலும், பத்தடி தள்ளி இருக்கும் டிவியை அலறவிடுவதைவிட, காதருகே மெல்லிய ஒலியில் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். அப்பா அடுத்த அறையில் நிம்மதியாகப் படிக்கலாம். உதட்டசைவும் பேச்சும் பொருந்தாமல் போனால் டிவியின் ஆடியோ அமைப்பில் தாமதத்தைச் சரிசெய்யும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வசனத்தைத் தெளிவாக்கும் அமைப்பும் பல டிவிகளில் உண்டு.

இங்கே ஒரு சந்தேகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சத்தம் கேட்கிறது, ஆனால் பேச்சு புரியவில்லை என்று அம்மா சொல்கிறாரா? வயதாகும்போது உயர் சுருதி ஒலிகள்தான் முதலில் காதைவிட்டு நழுவும். ச, த போன்ற மெய்யொலிகள் மங்கி, சொல்லின் ஓரங்கள் தேய்ந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் அவர் சத்தத்தைக் கூட்டுகிறாரோ என்னவோ. ஒரு செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். பிறகும் ஹெட்ஃபோன்தான் வேண்டும் என்றால், காதை மூடி நிற்கும் எடை குறைந்த வகையாக இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். கச்சேரிப் பிரியர் என்பதால் ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியை டேப்லெட்டில் ஏற்றி, 2016 முதல் சாஸ்திரிய இசைக்கென்றே ஒலிபரப்பாகும் ராகம் அலைவரிசையைக் காட்டிக் கொடுங்கள். அதற்குச் சந்தா கிடையாது.

வைஃபை பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஹெச்.டி. படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் போதும். நெருக்கமான மாட்டுங்கா கட்டடத்தில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மோதிக்கொள்ளும். டிவியை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை ஈரத்தில் சார்ஜ் துளையைத் துடைத்துவிட்டுச் சொருகுங்கள்.

உங்கள் 30,000 ரூபாய்க்குள் டேப்லெட், ஸ்டாண்ட், ஸ்பீக்கர் மூன்றும் அடங்கும். ஸ்டாண்டும் திரையொட்டியும் மின்னணுக் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் மலிவாகக் கிடைக்கும். டேப்லெட் வாங்க மட்டும் அப்பாவையே பெரிய கடைக்கு அழைத்துப் போங்கள். அவர் படிக்க ஆசைப்படும் நூலின் ஸ்கேன் கோப்பு ஒன்றும் ஒரு வார இதழ்ப் பக்கமும் பென் டிரைவில் இருக்கட்டும். கடைக்காரர் ஓட்டிக் காட்டும் மீன் வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்தப் பக்கத்தைத் திறந்து அப்பாவிடம் கொடுத்து, ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து, அவர் யூனிகோட் நாவல்களையே அதிகம் படிக்கிறார் என்று தெரிந்தால் அப்போது மின்மைக் கருவி வாங்கலாம். ஏழு அங்குலத்துக்குக் குறைந்தது வேண்டாம். தமிழ்ச் சொல் நீளமானது. பெரிய எழுத்தில் சிறு திரையின் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் வரும், நடுவில் இடைவெளி பல்லிளிக்கும். வாங்கியதும், வரியின் இரு ஓரத்தையும் நேராக நிறுத்தும் இருபுறச் சீரமைப்பை எடுத்துவிட்டு இடப்பக்கச் சீரமைப்புக்கு மாற்றிக் கொடுங்கள்.