மவுண்டுக்கு அடியிலிருந்து கால் பூட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜியு-ஜிட்சு எனும் மல்லுக்கட்டுக் கலையில் நான் வெள்ளை பெல்ட் (தொடக்க நிலை). எதிராளி மவுண்டில், அதாவது மல்லாந்து கிடக்கும் என் மேல், ஏறி உட்கார்ந்தால் தப்பிப்பதே பெரும்பாடு. அங்கிருந்தே கால் பூட்டுக்கு (கால் மூட்டை வருத்தும் பிடிக்கு) போகலாம் என்கிறார்களே, நடக்கிற காரியமா?

பதில்: நடக்கும். ஆனால் அடியில் கிடந்தபடி காலைத் தேடிக் கையை நீட்டாதீர்கள். கை ஆர்ம்பாருக்கு (முழங்கைப் பூட்டுக்கு) போய்விடும். முதல் வேலை அவர் இடுப்பை உங்கள் மேலிருந்து கிளப்புவது.

முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் இடுப்பெலும்பில் வையுங்கள். இரண்டு கால்களையும் மேலே வீசி, பாதம் தரையில் இறங்கும் வேகத்திலேயே இடுப்பைத் தூக்கி, கைகளால் தள்ளுங்கள். கிடைப்பது அரை நொடி. அதற்குள் உங்கள் முழங்கால் அவருக்கு அடியில் உள்ளே நுழைய வேண்டும். கால் வீசுவதும் கை தள்ளுவதும் தனித்தனியாக நடந்தால் பலனில்லை. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

பிறகு ஆஷி கராமி, அதாவது அவரது ஒரு காலை உங்கள் இரண்டு கால்களாலும் சிக்கவைக்கும் நிலை. அவரது வலது காலென்றால், பாதம் உங்கள் இடது அக்குளில். உங்கள் இடது பாதம் அவர் வலது இடுப்பில், வலது பாதம் அவர் தொடைக்குப் பின்னால். இரண்டு முழங்கால்களும் அவர் தொடையை இடுக்கிபோலக் கவ்வட்டும். இந்தக் கவ்வல் தளர்ந்தால் அவர் முழங்காலை உருவிக்கொண்டு எழுந்துவிடுவார். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க எலும்பு குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கத் தசைநாணில் பதியட்டும். கெண்டைச்சதைக்கு ஏறிவிட்டால் வெறும் சதையைத்தான் நசுக்குவீர்கள். மல்லாந்து கிடந்து இழுக்க வேண்டாம். ஒருக்களித்து, நெஞ்சை நிமிர்த்தி, இடுப்பை முன்னே தள்ளுங்கள். இடுப்பில் இருக்கும் இடது பாதம் அவர் உடலின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) நடத்தும் கி போட்டிகளில், அதாவது பயிற்சி உடையோடு மோதும் போட்டிகளில், அதற்குத் தகுதிநீக்கம்.

கேள்வி: பின்னாலிருந்து முதுகைப் பிடித்தவரின் காலையும் பூட்டலாமா?

பதில்: உங்கள் வயிற்றுக்கு முன்னால் அவர் கணுக்கால்களைக் குறுக்கே மாட்டினால் மட்டும். மேலே இருக்கும் பாதத்தின் மீது உங்கள் காலைப் போட்டு, மற்றக் காலால் அதைக் கொக்கிபோட்டு அழுத்தி, இடுப்பை உயர்த்துங்கள். அவர் கழுத்தை நெரிக்கும் கையை இரண்டு கைகளாலும் பிடித்திருப்பது முக்கியம். இல்லாவிட்டால் அவர் டாப் அடிப்பதற்கு (தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதற்கு) முன் நீங்கள் அடிப்பீர்கள்.

கேள்வி: ஆஷி கராமி வரை வந்தபின் ஹீல் ஹூக்கே (குதிகாலைப் பிடித்து முறுக்கும் பூட்டு) போடலாமே?

பதில்: ஐபிஜேஜேஎஃப் 2021இல்தான் அதை அனுமதித்தது, அதுவும் பெரியவர்களுக்கான நோ-கி (கி உடை இல்லாத) பிரிவில், பிரவுன், கறுப்பு பெல்ட்டுக்கு மட்டும். வெள்ளை பெல்ட்டுக்கு மேலே சொன்ன நேரான கணுக்கால் பூட்டோடு சரி. ஹீல் ஹூக்கின் வலிமையில் சந்தேகமில்லை: 77 கிலோ பிரிவுக்காரரான லாக்லன் கைல்ஸ் 2019 ஏடிசிசி மல்லுக்கட்டுப் போட்டியின் எடைவரம்பில்லாப் பிரிவில் தன்னைவிடப் பெரியவர்களை ஹீல் ஹூக்கால் வீழ்த்தி வெண்கலம் வென்றார். பிடிப்பது குதிகாலை, முறுகுவது முழங்கால். வலி உறைக்கும்போது தசைநார் கிழிந்தே போயிருக்கலாம். பயிற்சியில் மாட்டிக்கொண்டால், குதிகால் பிடிபட்ட உடனே டாப் அடியுங்கள். உருண்டு தப்பப் பார்க்காதீர்கள்.