வாயில் ஹெர்பீஸ்: யாரையும் சந்தேகப்பட வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிறார். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு நாக்கிலும் அண்ணத்திலும் புண். கீமோவால்தான் என்று நினைத்து, வீட்டிலிருந்த வாய்ப்புண் களிம்பைத் தடவினோம். ஆறவில்லை. பரிசோதித்ததில் ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்று என்கிறார்கள். அது பாலுறவால் வரும் நோய் என்று நினைத்து, அதிலிருந்து அப்பா முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அம்மா அழுதபடி இருக்கிறார். இது எப்படி வந்தது?

பதில்: அப்பாவிடம் இன்றைக்கே பேசுங்கள். இதில் சந்தேகப்பட எதுவுமே இல்லை. வாயில் வருவது பெரும்பாலும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதில், யாரோ கொஞ்சி முத்தமிட்டபோது எச்சில் வழியாக வந்திருக்கும். அப்புறம் முகத்து நரம்பு முடிச்சில் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருக்கும். கீமோவில் அது குறைந்ததும் வைரஸ் தலைதூக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அம்மா தவறேதும் செய்யவில்லை.

ஆனால் சாதாரண வாய்ப்புண் என்று விட்டுவிடக் கூடாது. மற்றவர்களுக்கு உதட்டோரம் கொப்புளம் வந்து, பத்து நாளில் காய்ந்துவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கோ வாயில் எங்கு வேண்டுமானாலும் வரும், ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும், வாரக்கணக்கில் ஆறாது. சில சமயம் உணவுக்குழாய்க்கும் இறங்கும். பார்வைக்குக் கீமோ புண் போலவே இருப்பதால் பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. பரிசோதித்தது மிக நல்ல காரியம்.

அந்தக் களிம்பை நிறுத்துங்கள். பல வாய்ப்புண் களிம்புகளில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு இருக்கிறது. வைரஸுக்கு அது சாதகம். வைரஸை அடக்கும் மருந்தான அசைக்ளோவிர் அல்லது வாலசைக்ளோவிர் தருவார்கள். சிறுநீரகத்தைப் பொறுத்து அளவு மாறும் என்பதால் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். விழுங்க முடியாவிட்டால் ஊசியாக ஏற்றலாம். ஒரு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடி காட்டுங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸாக இருக்கலாம், அதற்கும் வேறு மருந்து உண்டு. மீதிச் சுற்றுகள் முடியும்வரை தடுப்பு மாத்திரை வேண்டுமா என்றும் கேளுங்கள்.

அம்மாவை ஒதுக்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்காரலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். புண் ஆறும்வரை டம்ளர், பிரஷ் தனியாக இருக்கட்டும். குழந்தைகளுக்கு முத்தம் வேண்டாம். புண்ணைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணில் வைக்கக் கூடாது. கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நடு இரவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள்.