சொட்டுநீர் போட்டால் ஆற்றில் உப்பு குறையுமா, தோட்டத்தில் ஏறுமா?

சிங்கப்பூர் ஈசூன் வாசகி ஒருவரின் கேள்வி: அக்காவும் அத்தானும் தென் ஆஸ்திரேலியாவில், மர்ரி ஆற்றோரம் ரென்மார்க்கில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். சொட்டுநீருக்கு மாறினால் ஆற்றில் உப்பு குறையுமாம், அதற்கு என்னிடம் பணம் கேட்கிறார் அத்தான். பக்கத்துத் தோட்டக்காரரோ மண்ணில் உப்பு தங்கி மரம் கெட்டுவிடும் என்கிறார். யார் சொல்வது சரி?

பணம் உங்கள் குடும்ப விஷயம், நான் உப்பை மட்டும் பேசுகிறேன். அத்தான் சொல்வது சரி. பக்கத்துக்காரர் சொல்வதிலும் பாதி சரி.

ஆற்றில் உப்பு என்றால் நமக்கு மலேசியாவின் ஜொகூர் ஆறுதான் நினைவுக்கு வரும். அங்கே கடல்நீர் மேலேறுகிறது, லிங்கியு நீர்த்தேக்கத்திலிருந்து நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டு அதைத் தள்ளுகிறார்கள். மர்ரியில் உப்பு நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது. ரென்மார்க் வட்டாரத்து நிலத்தடி நீர் பல இடங்களில் கடுமையான உவர். வாய்க்கால் வழியாக ஏகத்துக்கும் பாய்ச்சினால், வேர் குடித்தது போக மிச்சம் கீழே இறங்கி, அந்த உவர்நீர் மட்டத்தை உயர்த்தி, பக்கவாட்டில் ஆற்றுக்குள் தள்ளிவிடும். சொட்டுநீரில் இந்தக் கசிவு நன்றாகக் குறையும். ஆனால் ஏற்கெனவே உயர்ந்த மட்டம் இறங்கப் பல வருடமாகும், அதுவரை சும்மா இருக்க முடியாது என்றுதான் அரசாங்கமே கரையோரம் கிணறு போட்டு, உவர்நீரை ஆற்றில் சேருமுன் இறைத்துத் தூரத்தில் ஆவியாக விடுகிறது.

சரி, மண்ணுக்கு வருவோம். ஆற்று நீரின் இசி, அதாவது உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு, 400 என்று வைத்துக்கொள்ளுங்கள், ருசித்தால் உப்பே தெரியாது. ஆனாலும் ஒரு மில்லியன் லிட்டரில் ஏறத்தாழ 240 கிலோ உப்பு இருக்கும். ஒரு ஹெக்டேருக்கு வருடம் 10 மில்லியன் லிட்டர் விட்டால் 2.4 டன்! மரம் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். சிங்கப்பூரில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற மழை எல்லாவற்றையும் கழுவிவிடும், ரென்மார்க்கில் 250 மில்லிமீட்டர்தான் பெய்கிறது.

அதனால் கொஞ்சம் தண்ணீர் வேரைத் தாண்டி இறங்கியே ஆகவேண்டும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் ஆரஞ்சுக்கு, 400 இசி நீரில் 5 சதவீதம் இறங்கினால் போதும், 800 ஆனால் 10 சதவீதம் வேண்டும். நன்றாக ஓடுகிற சொட்டுநீரிலும் ஏறக்குறைய 10 சதவீதம் கீழே போகத்தான் செய்யும், ஆக சாதாரண வருடங்களில் பயமில்லை. வறட்சியில் ஆறு உவர்த்து, தண்ணீர் ஒதுக்கீடும் குறைந்து, ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று இறுக்கிப் பிடிக்கும் வருடத்தில்தான் பக்கத்துக்காரர் சொன்னது நடக்கும்.

அத்தான் 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழத்தில் ஈரப்பத சென்சார் வைக்கட்டும். ஒவ்வொரு முறை பாய்ச்சும்போதும் அடியிலுள்ள சென்சாரில் ஈரம் ஏறினால் அதிகம் விடுகிறார், மாதக்கணக்கில் ஏறவே இல்லையென்றால் உப்பு சேர்கிறது. கோடை முடிவில் ஒருமுறை, குளிர்கால மழைக்குப் பிறகு ஒருமுறை மண்ணின் இசி பார்க்கவேண்டும். அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று: முதல் தூறல் விழும்போது மோட்டாரை நிறுத்தக் கூடாது. சொட்டு நனைக்கும் ஈரவட்டத்தின் ஓரத்தில் சேர்ந்திருக்கும் உப்பை அந்தத் தூறல் கரைத்து வேருக்கே கொண்டு வந்துவிடும், சொட்டுநீரும் ஓடிக்கொண்டிருந்தால் அது உள்ளே வராது. மழைக்கு நிறுத்துவதுதானே புத்திசாலித்தனம் என்று தோன்றும், இங்கே அது வினை.

இன்னொன்றையும் அத்தானிடம் கேட்டுவிடுங்கள், மிச்சமாகும் தண்ணீரை என்ன செய்யப் போகிறார்? அதை வைத்துப் பக்கத்தில் புதுத் தோட்டம் போடுவது திட்டமென்றால் ஆற்றுக்கு நன்மை என்ற பேச்சு அடிபடும், புது இடத்திலும் கசிவு தொடங்கும். தென் ஆஸ்திரேலியாவில் உப்புப் பாதிப்பை வைத்து நிலங்களை மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், பாதிப்பு அதிகமான மண்டலத்தில் புதுப் பாசனத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. நிலத்துக்கும் சேர்த்துப் பணம் கேட்டால், மண்டலம் எது என்று தெரிந்த பிறகு பேசுங்கள்.