படையில் சேரும் முன் பழைய மனநல சிகிச்சையைச் சொல்ல வேண்டுமா? கேள்வி பதில்

அக்னிவீர் தேர்வுக்கும் அதிகாரி நிலைத் தேர்வுகளுக்கும் தயாராகும் வடசென்னை இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு, இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று இப்போது பெரம்பூரில் வசிக்கும் ஒருவர் எழுதிய பதில்கள்.

ஐயா, பிளஸ் டூ முடித்த ஆண்டு மனச்சோர்வுக்காக ஸ்டான்லி மருத்துவமனையில் எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இப்போது நன்றாக இருக்கிறேன். "வாயைத் திறக்காதே, யாருக்கும் தெரியாது" என்கிறார் பயிற்சி மாஸ்டர். அவர் சொல்வது சரியா? (பழைய வண்ணாரப்பேட்டை, வயது 20)

1.6 கிலோமீட்டரை எப்படி ஓடி முடிப்பது என்று மாஸ்டர் சொன்னால் அப்படியே கேளுங்கள், தம்பி. இந்த விஷயத்தில் மட்டும் கேட்காதீர்கள். மருத்துவப் பரிசோதனையின்போது உங்களுக்கு முன்பு இருந்த நோய்களைப் பற்றி நீங்களே எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும். வலிப்பு, காசநோய் போன்றவற்றோடு மனநோயும் அதில் கேட்கப்படும். படையில் சேரும்போது அதற்குரிய படிவத்தின் கேள்விக்கு வேண்டுமென்றே பொய்யான பதில் சொன்னது பின்னாளில் தெரியவந்தால், 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், 44ஆம் பிரிவின்படி, இராணுவ நீதிமன்றம் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். எல்லாரையும் சிறைக்கு அனுப்புகிறார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. வேலை போவதே போதுமான தண்டனை.

உண்மையைச் சொன்னால் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள் என்றும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதிகாரி நிலைத் தேர்வுகளான என்.டி.ஏ., சி.டி.எஸ். ஆகியவற்றுக்கு யு.பி.எஸ்.சி. வெளியிடும் அறிவிக்கைகளில் உள்ள விமானப்படை மருத்துவத் தரத்தைப் படித்துப் பாருங்கள். முன்பு மனநோய் இருந்தவரை மனநல மருத்துவரிடம் அனுப்பி விரிவாக ஆராய வேண்டும் என்றும், அத்தகையவரை நிராகரிப்பதே விரும்பத்தக்கது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர் இதைத் தாமாகச் சொல்வதில்லை, ஆகவே நேரடியாகக் கேட்டறிய வேண்டும் என்ற குறிப்பும் அங்கேயே இருக்கிறது. உங்கள் மாஸ்டரின் யோசனை அவர்களுக்குப் புதியதன்று.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து இன்றும் அவருக்கு மனநோய் இருப்பதாக முடிவு செய்யக் கூடாது என்கிறது. படைகளின் மருத்துவத் தரம் வேறு கணக்கு. ஆயினும், எட்டு மாதம் மருந்து உட்கொண்டு, மருத்துவர் நிறுத்தச் சொன்ன பின்பே நிறுத்தி, அதற்குப் பிறகு நலமாக இருப்பவரும், பாதியில் சிகிச்சையை விட்டவரும் பரிசோதிக்கும் மருத்துவர் கண்ணுக்கு ஒன்றல்லர். அந்த வேறுபாட்டைக் காட்டுவதற்குச் சொல்ல வேண்டும். காகிதத்தோடு சொல்ல வேண்டும்.

மறைத்துச் சேர்ந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் கழித்து அங்கே மறுபடியும் வந்துவிட்டால் என் மகனுக்கு என்ன ஆகும்? (வியாசர்பாடி, ஒரு தாய்)

அம்மா, எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. சேரும்போது ஏட்டில் எந்தக் குறையும் எழுதப்படாத வீரருக்குப் பின்னர் நோய் வந்தால், அது பணியினால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்ற அனுமானம் வீரருக்குச் சாதகமாக உண்டு. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. ஆனால் 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில், இயல்பாக நடந்துகொள்ளும் ஒருவரின் மனநோயைச் சேர்ப்பின்போது கண்டறிய இயலாது என்று கூறி, மனச்சிதைவு நோயால் படையிலிருந்து வெளியேற்றப்பட்ட யாதவுக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடையாது என்று தீர்ப்பளித்தது. மனநோயைப் பொறுத்தவரை அனுமானத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்றாகிவிட்டது. பழைய ஓ.பி. சீட்டும் வெளியே வந்துவிட்டால் வாதாட என்ன மிஞ்சும்?

அக்னிவீரருக்கு நான்கு ஆண்டுப் பணி முடிந்ததும் ஓய்வூதியம் இல்லை. பணியால் ஏற்பட்ட அல்லது பணியால் மோசமான ஊனத்திற்கு அதன் அளவைப் பொறுத்து 15, 25 அல்லது 44 லட்சம் ரூபாய் கருணைத்தொகை உண்டு. பணியால் வந்ததா என்பதுதான் அங்கும் கேள்வி.

இது பணக் கணக்கு. உறக்கமில்லாத இரவுக் காவலில் கையில் துப்பாக்கியோடு தனியாக நிற்கும்போது பழைய அறிகுறிகள் திரும்பினால், மறைத்து வந்தவன் மருத்துவரிடம் போகத் தயங்குவான். அந்தத் தயக்கம்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பதிவேட்டை இராணுவத்தார் பார்க்க முடியுமா?

கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கூறுகிறது, விதிவிலக்குகள் குறைவு. 'ஆபா' என்னும் அரசின் மின்னணு உடல்நலக் கணக்கு எண்ணோடு இணைந்த பதிவுகளையும் உங்கள் ஒப்புதலோடுதான் காண இயலும். எனினும் தெருவுக்குத் தெரிந்ததை எந்தச் சட்டமும் மறைக்காது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி பேசும் அக்கம்பக்கத்தார் நம் பகுதியில் இன்னும் குறையவில்லை.

இப்போதும் மாத்திரை எடுக்கிறேன். மெடிக்கலுக்கு ஒரு மாதம் முன்பு நிறுத்திவிடலாமா? (திருவொற்றியூர்)

கூடாது. பதற்றத்துக்குத் தரும் குளோனசிபாம் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின் போன்றவற்றை நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும். மருந்து உட்கொள்ளும் காலத்தில் தகுதி பெறுவது மிகக் கடினம் என்பது உண்மை. நிறுத்தலாமா என்பதை உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்; ஆள்சேர்ப்புத் தேதி முடிவு செய்யக் கூடாது.

மணிக்கட்டில் பழைய வெட்டுத் தழும்புகள் இருக்கின்றன. கண்ணாடி உடைந்து கிழித்தது என்று சொல்லலாமா? (காசிமேடு, வயது 19)

ஒரே சீராக, இணைகோடுகளாக இருக்கும் தழும்பைக் கண்ணாடி போடுவதில்லை என்பது மருத்துவருக்குத் தெரியும். முன்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். உண்மையைச் சொல்வதால் வழக்கு வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம்: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. தேர்வாகும் வாய்ப்பு குறைவு என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணம் இப்போதும் வந்துபோகிறது என்றால், தேர்வை ஒதுக்கி வைத்துவிட்டு இன்றே 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அப்படி உதவி எண்ணுக்குப் பேசியதையும், பள்ளியில் கவுன்சலிங் போனதையும் எழுத வேண்டுமா?

படிவம் என்ன கேட்கிறதோ அதற்குப் பதில் எழுதுங்கள். தேர்வு பயத்துக்காக ஆலோசகரிடம் பேசியது மனநோயும் ஆகாது, சிகிச்சையும் ஆகாது. மருத்துவர் வாய்மொழியாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்பாவுக்குக் குடிப்பழக்கத்திற்காகவும் மனநோய்க்காகவும் சிகிச்சை நடந்தது. அது என்னைப் பாதிக்குமா?

குடும்பத்தில் மனநோய், வலிப்பு உண்டா என்றும் கேட்பார்கள். உண்டு என்றே எழுதுங்கள். அதனால் உங்களை இன்னும் கவனமாகச் சோதிப்பார்கள்.

'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் அவ்வளவுதானா?

அதிகாரி நிலைத் தேர்வில் 42 நாள்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் வர வாய்ப்புத் தருவார்கள். அக்னிவீர் முகாமில் மறுபரிசோதனைக்கு இராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினால், சீட்டில் குறித்த நாளைத் தவறவிடாதீர்கள்.

எந்தக் காகிதங்களை எடுத்துச் செல்ல வேண்டும்? அங்கே இந்தியில் கேட்டால் என்ன செய்வது?

சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் சுருக்க அறிக்கை கேளுங்கள். உங்கள் மருத்துவப் பதிவைப் பெறுவதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உரிமை தருகிறது. நோயின் பெயர், மருந்தும் அளவும், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதா இல்லையா, இன்றைய நிலை ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில், முத்திரையோடு இருக்கட்டும். மொழி தடுமாறினால் அந்தப் பக்கம் பேசும். ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு அசலைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.