விந்தணுவைச் சுமக்க மட்டும்தானா விந்துநீர்?

கேள்வி: விந்தணுவே இல்லாத வெறும் விந்துநீரைச் செலுத்தினாலும் பெண் விலங்குக்கு முட்டை வெளிவருமாமே, உண்மையா?

ஒட்டகக் குடும்பத்தில் உண்மை. பசு, ஆடு, மனிதர் எல்லாம் ஒரு சுழற்சிக் கணக்கில் தானாகவே முட்டையை வெளியிடும். ஒட்டகமும், தென்னமெரிக்காவின் லாமாவும் அல்பாகாவும் அப்படியில்லை. இணை சேர்ந்தால்தான் முட்டை வரும். உறுப்பு உரசும் தூண்டல்தான் காரணம் என்று பாடப் புத்தகங்களில் படித்துத்தான் நாங்களும் தேர்வு எழுதினோம்.

1985-இல் சீன ஆய்வாளர்கள் இரட்டைத் திமில் ஒட்டகத்துக்கு விந்துநீரை மட்டும் செலுத்தி, முட்டை வெளிவந்ததைப் பதிவு செய்தார்கள். அதன் அருமை மெதுவாகத்தான் தெரிந்தது. 2005-இல் கனடாவின் கிரெக் ஆடம்ஸ், சிலியின் மார்செலோ ராட்டோ குழுவினர் அல்பாகாக்களின் தசையில் விந்துநீரை ஊசியாகப் போட்டார்கள். பிறப்புறுப்பைத் தொடவே இல்லை. 14-இல் 13 அல்பாகாக்கள் முட்டை விட்டன. உப்புக்கரைசல் ஊசி போட்டவற்றில் ஒன்றுகூட விடவில்லை. உரசல்தான் காரணம் என்ற பழைய விளக்கம் அந்த ஒரு சோதனையிலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

கேள்வி: கருப்பையில் விழும் நீர் சினைப்பைக்கு எப்படிச் சேதி சொல்கிறது?

நேராகச் சொல்வதில்லை, மூளை வழியாகச் சொல்கிறது. லாமா ஜோடி சேரும்போது பெண் மடங்கிப் படுத்துக்கொள்ளும். ஆண் தொண்டையில் களகளவென்று ஓயாமல் ஒலி எழுப்பும். பெரும்பாலும் 20 நிமிடத்துக்கு மேல் போகும். விந்து கருப்பைக்குள்ளேயே இறங்குகிறது. உள்சவ்வும் லேசாகச் சிராய்கிறது. அந்தச் சிராய்ப்பு வழியாக விந்துநீரில் உள்ள புரதம் ரத்தத்தில் கலந்து, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் வரை தன் வேலையைக் காட்டுகிறது. அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனைக் கொட்டுகிறது. சுமார் 30 மணி நேரத்தில் சினைப்பையில் முட்டையைச் சுமக்கும் சிறு நீர்ப்பை உடைந்து முட்டை வெளிவருகிறது.

சிராய்ப்புக்கும் பங்குண்டு என்பது அந்த அல்பாகா ஆய்விலேயே தெரிந்தது. விந்துநீரைக் கருப்பைக்குள் விட்டபோது 41 சதவீதம் முட்டை விட்டன. சவ்வை லேசாகச் சுரண்டிவிட்டு விட்டபோது அது 67 சதவீதம் ஆனது.

அந்தப் புரதம் எது என்று 2012-இல் தெரிந்தபோது நான் அசந்துபோனேன். நரம்பு வளர்ச்சிக் காரணி! நரம்புகளை வளர்க்கும் பொருள் என்று ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1950-களில் கண்டறிந்து, 1986-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த அதே புரதம். லாமாவின் விந்துநீரில் அது குவிந்து கிடக்கிறது. அந்த ஆய்வு வெளிவந்தபோது லெவி-மொண்டால்சினி 103 வயதில் உயிரோடு இருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

கேள்வி: முயல் பண்ணை வைத்திருக்கிறேன். முயலும் சேர்ந்தால்தானே முட்டை விடும்? அதற்கும் இதே காரணமா?

சேர்ந்தால்தான் விடும்; 10 முதல் 12 மணி நேரத்தில் விட்டுவிடும். ஆனால் காரணம் இதுவென்று சொல்ல முடியாது. ஆண் முயலின் விந்துநீரை லாமாவுக்குப் போட்டால் லாமா முட்டை விட்டது. அதையே பெட்டை முயலுக்குப் போட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. சரக்கு இருக்கிறது, அந்த இனம் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அதனால்தான் முயலுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்யும்போது எல்.எச். சுரக்கத் தூண்டும் ஜி.என்.ஆர்.எச். வகை ஹார்மோன் ஊசியும் சேர்த்துப் போடுகிறார்கள். தயவுசெய்து விந்துநீரை வைத்துப் பண்ணையில் பரிசோதனை செய்யாதீர்கள். கிருமி பரவும்.

கேள்வி: பூனை?

அங்கே தொடுதல்தான் முக்கியம். ஆண் பூனையின் உறுப்பில் சிறு முட்கள் உண்டு. பெரும்பாலும் பலமுறை சேர்ந்தால்தான் போதிய அளவு எல்.எச். சுரக்கும்.

கேள்வி: சினை ஊசிக் குச்சியில் விந்தை நீர்க்க வைத்துத்தானே அடைக்கிறார்கள்? விந்துநீர் குறைந்ததால்தான் என் மாடு சினை பிடிக்கவில்லையோ? காளைக்கே விடலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. செயற்கைக் கருவூட்டலுக்கான அந்தக் குச்சியில் இருப்பது கால் மில்லி. அதில் பெரும்பங்கு பாதுகாப்புக் கரைசல்தான். ஆனாலும் உலகம் முழுக்க மாடுகள் அதில்தான் சினையாகின்றன. பசு முட்டை விட விந்துநீருக்காகக் காத்திருப்பதில்லை. லாமாவிலிருந்து பிரித்தெடுத்த அந்தப் புரதத்தைக் கிடேரிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். முட்டை வெளிவரவில்லை. முட்டை வந்த பிறகு சினைப்பையில் உருவாகி, சினையைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கும் கார்பஸ் லூட்டியத்துக்குக் கொஞ்சம் வலு சேர்த்த அறிகுறிதான் தெரிந்தது. ஆகவே உங்கள் மாட்டின் சிக்கலுக்கு அங்கே விடை தேட வேண்டாம்.

நேரத்தைப் பாருங்கள். வாலடியில் கண்ணாடிபோல் சளி தொங்குகிறதா, மற்ற மாடு ஏறும்போது அசையாமல் நிற்கிறதா? காலையில் அப்படி நின்றால் மாலையில் ஊசி, மாலையில் நின்றால் மறுநாள் காலையில். சளி கலங்கலாகவோ சீழ் கலந்தோ வந்தால் அன்றைக்கு ஊசி வேண்டாம், முதலில் கருப்பைக்கு வைத்தியம். மூன்று ஊசி தவறிவிட்டால் மருத்துவரை அழைத்து ஸ்கேன் பாருங்கள். ஊர்க்காளையிடம் விட்டால் கன்று வீச வைக்கும் புருசெல்லோசிஸ் போன்ற நோய் தொற்றும் ஆபத்து இருக்கிறது.

கேள்வி: (பெயர் வேண்டாம் என்று எழுதியவருக்கு) பெண்களுக்கும் இது பொருந்துமா? எங்களுக்கு ஐ.யு.ஐ. (விந்தை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்யும்போது விந்தைக் கழுவித்தான் வைக்கிறார்கள்.

லாமாவில் நடப்பதைப் பெண்களுக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது. பெண்ணின் முட்டை மாதச் சுழற்சியில் தானாக வருகிறது. சோதனைக்குழாய் முறையில் விந்துநீர் உள்ளே போகாமலேயே குழந்தைகள் பிறக்கின்றன. ஐ.யு.ஐ.யில் கழுவுவதற்கும் காரணம் உண்டு: விந்துநீரில் உள்ள, தசையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் நேராகக் கருப்பைக்குள் போனால் கடுமையாக இழுத்துப் பிடிக்கும். கழுவியதால் எதையோ இழந்துவிட்டோம் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம்.