நிலத்தை விற்று ஏ.ஐ. சீட் வாங்காதீர்கள்

போன வாரம் காலேஜ் சேர்வது பற்றி யோசனை கேட்டு என்னிடம் ஒரு குடும்பம் வந்தது. அப்பாவின் பையில் நிலப் பத்திரம். மகளுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. சீட் வாங்கப் போகிறார்கள். பெங்களூரு மாமா "இப்போ அதுக்குத்தான் ஸ்கோப்" என்று சொல்லிவிட்டாராம். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. நானும் ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். நடுவில் அந்தப் பெண் கேட்டாள்: "சார், பாட்டு கேட்டா சும்மா இருக்கிற போன், கேம் ஆடினா ஏன் சுடுது?"

ஐயா, இருபது வருடமாகக் கணினி ஆராய்ச்சி முட்டிக்கொண்டு நிற்பது இந்தக் கேள்வியில்தான். சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய சுவிட்சான டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் வேகம் கூடும், சூடு கூடாது என்ற வசதி 2005 வாக்கில் முடிந்துபோனது. அதன்பின்தான் ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சிப் தேட வேண்டி வந்தது. மாமா சொல்லும் ஏ.ஐ.யையே எடுங்கள். அதன் அடிப்படைக் கணக்குகள் 1980களிலேயே இருந்தன. 2012-இல் கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள், கேமுக்கென்று விற்ற இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளில் அவற்றை ஓட்டிக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

கோடிங், ஐ.டி. வேலை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அதைச் சொல்ல ஊரே இருக்கிறது. யாரும் சொல்லாதது கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், அதாவது கணினியின் மூளையான பிராசசரை வடிவமைக்கும் படிப்பு. அவள் கேட்ட கேள்விக்கு விடை தேடுவது இதுதான். கலந்தாய்வில் அரசுக் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) கிடைத்தாலும் சரி, சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) கிடைத்தாலும் சரி, இதற்குள் நுழையலாம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ், உரிமக் கட்டணம் இல்லாத கட்டளைத் தொகுப்பு, அதாவது பிராசசருக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல். அதன் அடிப்படைப் பகுதியில் சுமார் 40 கட்டளைகள்தான். இரண்டாம் வருடத்தில் சிப் வடிவமைப்பை எழுதும் மொழியான வெரிலாக் படித்தால், அவற்றை இயக்கும் சின்னப் பிராசசரை அவளே எழுதலாம். வெரிலேட்டர் என்ற இலவச மென்பொருளில், வீட்டு லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம். தைரியம் வந்ததும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஓர் எஃப்பிஜிஏ போர்டு, நாம் எழுதிய வடிவமைப்பை ஏற்றி நிஜச் சிப்பாகவே ஓட்டிப் பார்க்க. சென்னை ஐஐடி உருவாக்கிய 'சக்தி' பிராசசரின் மூல வடிவமைப்பே எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. பிரித்துப் பார்க்க அனுமதி கேட்க வேண்டாம். பாடங்கள், ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் உள்ள என்பிடெல் இணையதளத்தில் இலவசம். அப்புறம் கேட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெக். போனால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பொறுமை வேண்டும், ஒரு பிழையைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்கும். மிக்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டும்வரை சாப்பிட வராத பெண் என்று அம்மாவே சொன்னார்களே!

பணத்தில் மட்டும் நான் வளைய மாட்டேன். பாடத்தின் பெயரில் ஏ.ஐ. என்ற இரண்டெழுத்துக்காக நிலம் போகக் கூடாது. பத்திரத்தைப் பீரோவில் வையுங்கள். கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை அவளே எழுதட்டும், எழுதியதும் அழைத்து வாருங்கள். மாமாவுக்குப் போன் போட வேண்டுமென்றால் நானே பேசுகிறேன்.